கணக்கில் வராத மஞ்சக்கரு

மாதாவே துணை

தூத்துக்குடி
9 ஜூன் 2025

கொழுந்தனார் கிளாட்வின் அவர்களுக்கு, மதினி அல்போன்சா எழுதுவது.

நேற்று தூய ஆவி ஞாயிறு, இரண்டாம் பூசைக்குப் பிறகு என் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: நீங்கள், உங்கள் மனைவி ரீனா, ஆடிட்டர் சிவசுப்பிரமணியன், நான், குசினியில் வேலை செய்யும் பிளாரன்ஸ். ஐந்து பேர். காப்பி கொண்டுவந்த பிளாரன்ஸ் போகாமல் கதவோரம் நின்றுவிட்டாள். அவளையும் சேர்த்தே எழுதுகிறேன். பேசப்பட்டது அவள் பிழைப்பைப் பற்றியும்தான்.

சொன்ன சொல் பின்னால் மாறிவிடக் கூடாது என்பதால் எனக்குக் கேட்டபடி குறித்துவைக்கிறேன். உங்கள் அண்ணன் வகுத்துவைத்தபடி, வீட்டுக்குப் பின்னால் மக்ரூன் போடும் குசினியின் லாப நட்டம் அவருக்கு. அதை விற்கும் பாளையங்கோட்டைக் கடையின் லாப நட்டம் உங்களுக்கு. அவர் இறந்து இந்த மாதம் இரண்டு வருஷம். குசினி இப்போது என் பொறுப்பு. அந்தக் குசினி மார்ச் வரைக்குமான வருஷத்தில் ஒரு லட்சத்து நாற்பத்துநாலாயிரம் நட்டம் என்று ஆடிட்டர் வாசித்தார். "கிலோவுக்கு இருபத்துநாலு ரூபா கையவிட்டுப் போவுதும்மா" என்றார். அதை நீங்கள் கடைப் பணத்திலிருந்து ஈடுகட்டியதாகச் சொன்னீர்கள். ஜூலை முப்பத்தொன்றோடு குசினியை மூடிவிட்டு, ஏரலில் ஒருவரிடம் மக்ரூன் வாங்கப் போவதாகவும், எனக்கு மாதம் பத்தாயிரம் தருவதாகவும் சொன்னீர்கள்.

நான் "சரி" என்று சொல்லவில்லை. "ம்" என்றேன். இரண்டும் ஒன்றல்ல.

நீங்கள் காரில் ஏறிய பிறகு பிளாரன்ஸ் என்னிடம் கேட்டாள்: "நட்டம் நட்டம்ங்காவளே, நாங்க நாலு பொம்பளயும் அண்டிப்பருப்ப வாயில போட்டா தீத்துட்டோம்?" முந்திரியை நான் நிறுத்துத்தான் கொடுக்கிறேன். இருபது வருஷமாகக் குசினிக் கணக்கு எழுதுகிறேன். நட்டம் எங்கே இருக்கிறது என்று காட்டத் தெரியவில்லை.

ஆடிட்டர் வாசித்த தாளின் நகல் ஒன்று வேண்டும். போனில் பேசினால் நான் அழுதுவிடுவேன், நீங்கள் வைத்துவிடுவீர்கள். ஆகவே கடைக்குச் சரக்கு எடுத்துப்போகும் செல்லப்பாண்டி வேனில் திருப்பிக் கொண்டுவரும் காலி டின் ஒன்றில் தாளைப் போட்டு அனுப்புங்கள். இந்தக் கடிதமும் டின்னில்தான் வருகிறது.

அல்போன்சா


பாளையங்கோட்டை
12 ஜூன் 2025

மதினிக்கு,

தாள் இதோடு இருக்கிறது. இரண்டு பக்கம்.

நான் பதிமூன்று வயதுப் பையனாக இருந்தபோது நம் வீட்டுக்கு வந்தீர்கள். அன்றிலிருந்து "ஏலே கிளாட்வின்" என்றுதான் கூப்பிட்டீர்கள். இப்போது "கொழுந்தனார் அவர்களுக்கு" என்று எழுதுகிறீர்கள். ரீனா வாசித்துவிட்டு, "என்ன, வக்கீல் நோட்டீசா?" என்றாள். இருக்கட்டும்.

கணக்கு இதுதான். ஒரு கிலோ மக்ரூனுக்கு முந்திரி 340, முட்டை பத்துக்கு 60, சீனி 21, கூலி 80, கேஸும் கரண்டும் 38, தாளும் டின்னும் 25, அடுப்புத் தேய்மானம் 20. மொத்தம் 584. கடை உங்களுக்குத் தருவது 560. ஒரு நாளைக்கு இருபது கிலோ, வருஷத்தில் முந்நூறு நாள். நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஏரலில் கடை வாசலுக்கே கொண்டுவந்து 575-க்குத் தருகிறார்கள்.

நான் கடனில் இருக்கிறேன் மதினி. கடையைப் பெரிதாக்கிய கடன். அண்ணன் வைத்ததை மூட எனக்கு மட்டும் ஆசையா? உங்களை நடுத்தெருவில் விடுகிறேனா? மாதம் ஒன்றாம் தேதி பத்தாயிரம் உங்கள் கைக்கு வரும். வெயிலிலும் அனலிலும் நிற்க வேண்டாம், பூசைக்குப் போங்கள், செபமாலை சொல்லுங்கள். இதில் என்ன குறை?

கிளாட்வின்


மாதாவே துணை

தூத்துக்குடி
17 ஜூன் 2025

கிளாட்வினுக்கு,

தாளை நான்கு நாளாகப் பார்த்தேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மகள் கிளாடிஸ் பி.காம். படித்தபோது வாங்கிய கணக்கியல் புத்தகம் ஒன்று அலமாரியில் கிடந்தது. அதில் உற்பத்திக் கணக்கு என்று ஒரு பாடம். மத்தியான வேளையில், அடுப்பு ஆறுகிற நேரத்தில் வாசித்தேன். முதல் மூன்று தடவை ஒன்றும் ஏறவில்லை. நாலாவது தடவை நம் குசினியை வைத்து வாசித்தேன். ஏறியது.

செய்கிற இடமும் விற்கிற இடமும் ஒரே குடும்பத்தினுடையதாக இருந்தாலும், செய்கிற இடம் விற்கிற இடத்துக்கு ஒரு விலை வைத்துக் கொடுத்ததாகத்தான் எழுத வேண்டுமாம். செய்ய ஆன செலவுக்கு மேலே அந்த விலை இருந்தால், மிச்சம் உற்பத்தி லாபம். கீழே இருந்தால் உற்பத்தி நட்டம். கடையில் வாடிக்கையாளர் என்ன கொடுத்தார் என்பது அதற்குப் பிறகு வருகிற வேறு கணக்கு. கடையில் நீங்கள் கிலோ தொள்ளாயிரத்துக்கு விற்பது எனக்குத் தெரியும். அதை நான் கேட்கவில்லை. கடை வாடகை, ஆள், கடன் எல்லாம் அதில்தான் போக வேண்டும்.

பிறகு என் நோட்டுகளை எடுத்து ஒவ்வொரு வரியாக உங்கள் தாளோடு ஒத்துப் பார்த்தேன். முந்திரி மூட்டை, முட்டை அட்டை, கூலி. உங்கள் கணக்கில் ஒரு ரூபாய் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தேன். பொய் சொல்லக் கூடாது, இல்லை.

பிளாரன்சிடம் சொல்லிவிட்டேன், வேறு இடம் பார்த்துக்கொள் என்று. "எனக்கு அம்பத்தெட்டு வயசு, எந்த எடம் என்னைய பாத்துட்டு இருக்கு?" என்றாள். அன்றைக்குத் தட்டில் அவள் பிழிந்த மக்ரூன் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன. அப்படியே அடுப்பில் வைத்தேன்.

ஒரு விஷயம். 23-ஆம் தேதி உங்கள் அண்ணன் இறந்த நாள். அந்த வாரம் திங்கள் முதல் சனி வரை, மக்ரூனுக்கு வெள்ளை எடுத்த பிறகு மிஞ்சும் மஞ்சக்கரு முழுவதையும் கன்னியர் நடத்தும் முதியோர் இல்லத்துக்குக் கொடுப்பதாக நேர்ந்திருக்கிறேன். அந்த ஆறு நாளும் உங்கள் கடைக் கேக்குக்குக் கரு ஊற்றி அனுப்பும் கருவாளியைச் செல்லப்பாண்டி எடுக்க வேண்டாம், டின் மட்டும் எடுத்தால் போதும்.

அல்போன்சா


பாளையங்கோட்டை
30 ஜூன் 2025

மதினி,

நேர்ச்சை என்றால் ஒருநாள் இரண்டுநாள் என்று நினைத்தேன். உங்கள் கடிதத்தைச் சரியாக வாசிக்காதது என் தவறு. ஆனால் ஆறு நாள் ஒரு சொட்டுக் கரு அனுப்பாமல் இருந்தால் கடை என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?

கேக் மாஸ்டர் நயினாரை உங்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தார். "கருவாளி எங்க மொதலாளி?" என்றார். வராது என்றேன். "கரு இல்லாம கேக்கு எங்கன போட? நான் என்ன கோழியா?" என்று கரண்டியைப் போட்டுவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். கடை ஆட்கள் சிரிக்கிறார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. முதல் பரிசுத்த நற்கருணைக்கு நாற்பது கிலோ கேக் ஆர்டர்.

ஆறு நாளும் நாளுக்கு நூறு முட்டை வீதம் வெளியே வாங்கினேன். அறுநூறு முட்டை, ஆறு ரூபாய் வீதம் 3,600. பில்லை இதோடு வைத்திருக்கிறேன். உங்களைக் கட்டச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளுங்கள் என்று வைத்தேன். குப்பைக்குப் போகிறதை நான் எடுத்துப் பயன்படுத்துகிறேன், உங்களுக்கும் குசினி நாறாமல் இருக்கிறது. அதைக்கூடத் தடுத்தால் எப்படி?

ஒன்றாம் தேதி முதல் கருவாளி ஒழுங்காக வர வேண்டும். குசினி மூடும் வரைக்குமாவது.

கிளாட்வின்


மாதாவே துணை

தூத்துக்குடி
4 ஜூலை 2025

தம்பி கிளாட்வின்,

கருவாளி ஒன்றாம் தேதி முதல் வருகிறது. பார்த்திருப்பாய்.

உன் பில்லை என் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 3,600. அந்த ஆறு நாளில் நான் இல்லத்துக்குக் கொடுத்த கரு ஆயிரத்து இருநூறு. நாளுக்கு இருபது கிலோ, கிலோவுக்குப் பத்து முட்டை, ஆக நாளுக்கு இருநூறு. வெள்ளையும் சேர்வதால் இரண்டு கருவுக்கு ஒரு முழு முட்டை போதும்; அதன் இடத்தை நிரப்ப உனக்கு 3,600 ஆகியிருக்கிறது. ஒரு கரு மூன்று ரூபாய். முந்நூறு நாளுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம்.

ஆடிட்டர் வாசித்த நட்டம் ஒரு லட்சத்து நாற்பத்துநாலாயிரம்.

தாளில் முட்டை பத்துக்கு அறுபது ரூபாயும் குசினியின் செலவாக எழுதியிருக்கிறது. ஆனால் அந்த முட்டையின் வெள்ளை மட்டும்தான் குசினிக்கு ஆகிறது. மஞ்சள் உன் கேக்குக்குப் போகிறது. போனதற்குக் குசினிக்கு வரவு எங்கும் இல்லை. புத்தகத்தில் இதற்கு இடம் இருக்கிறது. ஒன்றைச் செய்யும்போது கூடவே கிடைக்கும் பொருளின் விலையை உற்பத்திச் செலவில் கழித்துவிட வேண்டும். நான்காவது தடவை வாசித்தபோதும் அந்த வரியைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். மஞ்சக்கருவை நான் ஒரு பொருளாகவே நினைத்ததில்லை.

இது உன் தவறு அல்ல. ஆடிட்டர் தவறும் அல்ல. அவர் என் நோட்டைப் பார்த்துத்தான் எழுதினார். நோட்டில் கரு கிடையாது. தவறு என்னுடையது. எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

ஏழு வருஷத்துக்கு முன் நீ பாளையங்கோட்டையில் கடை எடுத்த முதல் வாரம். அதுவரை கருவை இங்கே ஒரு பேக்கரிக்கு விற்றுக்கொண்டிருந்தோம். உன் அண்ணன் அம்புரோஸ் நான் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது வந்து பேனாமேல் கையை வைத்தார். "ஏளா, இனி கரு தம்பிக்குப் போவட்டும். அவன் புதுசா நிக்கான். நோட்டுல எழுதாத. எழுதுனா என்னைக்காவது கேக்கத் தோணும்" என்றார். கொடுத்ததைக் குறித்துவைக்கக் கூடாது என்று மறைக்கல்வி வகுப்பில் நானும் படித்தவள்தானே. எழுதவில்லை. முதல் வருஷம் வேண்டுமென்று எழுதாமல் இருந்தேன். பிறகு மறந்தே போனேன். போன வாரம் முதியோருக்குக் கொடுத்தபோதுகூட, மிஞ்சியதைக் கொடுக்கிறேன் என்றுதான் நினைத்தேன். எங்கள் கொடையே குசினியின்மேல் நட்டமாக ஏறி நின்றது எனக்குத் தெரியவில்லை.

கருவைச் சேர்த்தால் போன வருஷம் முப்பத்தாறாயிரம் லாபம். பிளாரன்சிடம் சொன்னேன். "அப்ப நாங்க திங்கல" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

ஆனால் இதோடு நிறுத்தினால் நானும் பாதிதான் சொன்னவள் ஆவேன். கூலி என்று தாளில் இருப்பது நான்கு பெண்களின் கூலி. பருப்பை நிறுத்துக் கொடுப்பதும், வெள்ளை பதம் பார்ப்பதும், ஈரக்காற்று ஏறுமுன் டின்னை அடைப்பதும், கணக்கும் நான். எனக்குக் கூலி ஒரு நாளும் எழுதியதில்லை. என் வீடு, என் அடுப்பு என்றிருந்தேன். நாளுக்கு இருநூற்று நாற்பது என்று வைத்தாலும் வருஷத்துக்கு எழுபத்திரண்டாயிரம். அதை எழுதினால் மறுபடியும் முப்பத்தாறாயிரம் நட்டம்.

இதுதான் உண்மையான எண். உனக்கு மறைக்க மனம் வரவில்லை.

மதினி


பாளையங்கோட்டை
10 ஜூலை 2025

மதினிக்கு,

கடிதத்தை நான் முதலில் வாசித்தேன். பிறகு ரீனா வாசித்தாள். இரண்டு பேரும் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

அண்ணன் என்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. கருவை எடுத்துப் போய் நான்தான் அவருக்கு உதவி செய்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அவர் எதிரிலேயே ஒருதரம் சொன்னேன். "ஆமாலே, நீ இல்லன்னா குசினி நாறிப்போவும்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். இப்போது அந்தச் சிரிப்பு என்னைத் தூங்கவிடவில்லை.

ஏழு வருஷத்தைப் பெருக்கிப் பார்த்தேன். அதை என்னிடம் கேட்பீர்களா? கேட்டால் இப்போது என்னிடம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏரல்காரருக்கு இருபத்தைந்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே கொடுத்தாயிற்று. கேட்டுவிட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

ஒரு வழி தோன்றுகிறது. ஆடிட்டரிடம் கருவை மட்டும் சேர்க்கச் சொல்கிறேன். முப்பத்தாறாயிரம் லாபம் என்று தாள் வந்துவிடும். லாபத்தில் ஓடும் குசினியை மூட வேண்டியதில்லை, கடன் கொடுத்த பாங்குக்கும் காட்டலாம். உங்கள் கூலியை எழுதாதீர்கள். இதுவரைக்கும் எழுதாதது இனியும் எழுதாமல் இருந்தால் யாருக்கு என்ன? நாம் வீட்டுக்குள் பார்த்துக்கொள்ளலாம்.

கிளாட்வின்


மாதாவே துணை

தூத்துக்குடி
14 ஜூலை 2025

அன்புத் தம்பி கிளாட்வின்,

நீ சொன்ன வழி நல்ல மனதோடு சொன்னது. இரண்டு நாள் அதை வைத்துக்கொண்டு யோசித்தேன். எழுதாமல் விட்டால் குசினி பிழைக்கும், நான்கு பேருக்கும் வேலை இருக்கும். யாருக்கும் கெடுதல் இல்லை. நேற்றுப் பூசையில்கூட அதே நினைப்பு.

ஆனால் தம்பி, எழுதாமல் விட்டதால்தானே இவ்வளவும் வந்தது. அன்று கருவை எழுதவில்லை, குசினி நட்டமாகத் தெரிந்தது. இன்று கூலியை எழுதாமல் விட்டால் லாபமாகத் தெரியும். இரண்டும் பொய்த் தாள்தான். நாளைக்கு நான் படுத்துவிட்டால் என் இடத்துக்கு ஆள் வைக்க வேண்டும். அந்த ஆள் சும்மா வருவாளா? அன்றைக்குக் குசினியை மூடத்தான் வேண்டியிருக்கும், இப்போது போலவே காரணம் தெரியாமல். என் கூலி எழுதப்படும்.

பின்னே வழி என்ன? அண்ணன் மூன்று வருஷத்துக்கு முன் வைத்த விலை 560. அதற்குப் பிறகு முந்திரி ஏறியது, விலை ஏறவில்லை. ஏரல்காரருக்குக் கொடுப்பதாக இருந்த 575-ஐ எனக்குக் கொடு. ஊரான் விலை, அதற்குமேல் ஒரு ரூபாய் வேண்டாம். வருஷத்துக்குத் தொண்ணூறாயிரம் கூடும். நட்டம் முப்பத்தாறாயிரம் போக, ஐம்பத்துநாலாயிரம் லாபம். கருவுக்கு மூன்று ரூபாய் வீதம் பில் போடுவேன்.

இது உனக்கு மலிவு என்று சொல்லமாட்டேன். கிலோவுக்கு 575, அதில் மிஞ்சும் பத்துக் கருவுக்கு 30, ஆக 605 நீ கொடுப்பாய். இதுவரை 560 கொடுத்து, நட்டம் 24-ஐயும் கட்டினாய், 584. இருபத்தொரு ரூபாய் கூடுதல்தான். ஆனால் குசினியை மூடினாலும் ஏரலுக்கு 575, வெளி முட்டைக்கு 30, அதே 605. எனக்குத் தருவதாகச் சொன்ன பத்தாயிரம் அதற்குமேல். மூடினால் மிச்சம் என்று நீ நினைத்தாய். மிச்சம் இல்லை. தாளை வைத்து நீயும் ரீனாவும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று, புத்தகத்தில் கடைசியாகப் படித்தது. மார்ச் முப்பத்தொன்றில் உன் கடையில் விற்காமல் இருந்த மக்ரூன் இருநூறு கிலோ. புது விலையில் அவ்வளவு சரக்கின்மேல் குசினி வைக்கும் லாபம், ஐம்பத்துநாலாயிரத்தை ஆறாயிரம் கிலோவுக்குப் பிரித்தால், கிலோவுக்கு ஒன்பது ரூபாய், மொத்தம் 1,800. அது இன்னும் லாபம் ஆகவில்லை. யாரோ ஒருவர் காசு கொடுத்து வாங்கிப் போகும்வரை அதை ஒதுக்கிவைக்க வேண்டும். குசினியை விட்டுச் சரக்கு போய்விட்டது என்பதற்காக நான் சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. எனக்கு இந்த விதி பிடித்திருக்கிறது. இந்த வருஷ முடிவிலும் அவ்வளவு இருப்பு இருந்தால் அதைக் கழித்துத்தான் என் கணக்கு.

ஏழு வருஷக் கருவுக்குக் காசு கேட்பேனா என்று நீ கேட்டாய். அது அவர் உனக்குக் கொடுத்தது. கொடுத்தவர் இல்லை. அதற்கு விலைபோட நான் யார்? நீ ஈடுகட்டிய நட்டத்தை நானும் திருப்பித் தரமாட்டேன். பழையது அங்கேயே நிற்கட்டும். விலை இந்த ஏப்ரல் ஒன்றிலிருந்து. மூன்று மாத பாக்கியை அவசரப்படாமல் மார்ச்சுக்குள் தா.

ஏரல்காரர் அட்வான்சை விட்டுவிடாதே. 26-ஆம் தேதி பனிமய மாதா கொடியேற்றம். அதிலிருந்து பத்து நாளைக்கு எங்கள் நான்கு ஜோடிக் கை போதாது, ஒவ்வொரு வருஷமும் ஆர்டரைத் திருப்பி அனுப்புகிறோம். அந்த இருபத்தைந்தாயிரத்துக்கு அவர்களிடம் நாற்பத்து மூன்று கிலோ சரக்கு எடுத்துக்கொள். அவர்களும் பிழைக்கட்டும்.

என் கூலியும் இந்த லாபமும் சேர்த்து, ஒதுக்கியது போக, மாதத்துக்கு 10,350 எனக்கு வருகிறது. நீ சும்மா தருவதாகச் சொன்னது பத்தாயிரம். முந்நூற்றைம்பது ரூபாய்தான் வித்தியாசம். இதற்கா இத்தனை கடிதம் என்று ரீனா சிரிப்பாள். சிரிக்கட்டும். அந்தப் பத்தாயிரத்தில் பிளாரன்ஸ் இல்லை, மற்ற மூன்று பேரும் இல்லை. ஒன்றாம் தேதி எப்போது வரும் என்று உன் வேனைப் பார்த்துக்கொண்டு நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன்.

இன்று காலை பிளாரன்ஸ் முட்டை உடைத்துக்கொண்டே கேட்டாள், "ஏம்மா, மாசக் கடைசில இந்தத் தட்டையெல்லாம் கழுவி வைக்கதா, கவுத்தி வைக்கதா?" கழுவி வைத்தால் மறுநாள் வேலை உண்டு. கவிழ்த்து வைத்தால் இல்லை. இன்னும் பதில் சொல்லவில்லை.

இந்த டின்னோடு வரும் கருவாளியில் ஒரு சீட்டு கட்டியிருக்கிறேன்: கரு 200, ரூபாய் 600. ஏழு வருஷத்தில் முதல் சீட்டு. எழுதும்போது அவர் கை என் பேனாமேல் இருப்பதுபோலவே இருந்தது. கையை எடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் எழுதினேன்.

நயினார் அதைக் கிழித்துப் போடாமல் பார்த்துக்கொள். உனக்கு விலை சம்மதம் என்றால் அதே சீட்டில் கையெழுத்துப் போட்டு, காலி டின்னில் வைத்து அனுப்பு. சம்மதம் இல்லை என்றாலும் எழுது. நான்கு பேருக்குச் சொல்ல வேண்டும். சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

உன் மதினி
அல்போன்சா